ஈரம் இறங்கிய கேபிள்

மழை பெய்தால் எங்கள் வீட்டு ரேடியோவில் பேச முடியாமல் போகிறது என்பது அந்த ஆவணியில்தான் தெரிய வந்தது. வெயில் அடித்துக் காய்ந்தால் சரியாகிவிடும். மறுபடி ஒரு மழை விழுந்தால் மறுபடி போய்விடும். மேஜைமேல் இருந்த மீட்டரில் முள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "மேல கனெக்டர்ல தண்ணி எறங்கிடுச்சு" என்றார் என் கணவர். அனுப்புகிற சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பி வருகிறது என்று அந்த முள் சொல்லுமாம்.

அவர் அமெச்சூர் ரேடியோக்காரர். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தமாகச் செட் வைத்துக்கொண்டு, அதே உரிமம் உள்ளவர்களோடு காற்றில் பேசுகிறவர்கள் உண்டு அல்லவா, அந்த வகை. நன்னிலத்தை அடுத்த கிராமம் எங்களுடையது. அவர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நான் தாலுகா ஆபீசில் சிட்டா, அடங்கலோடு மாரடிக்கிறவள். எங்கள் இருவருடைய அப்பாக்களும் அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்தவர்கள். மாதச் சம்பளம் என்பதைப் பார்த்தது எங்கள் தலைமுறைதான். அந்தச் சம்பளத்தில் அவர் கட்டிய முதல் பொருள் வீடு, இரண்டாவது கொல்லையில் நின்ற இரும்புக் கோபுரம். தென்னைக்குக் கொஞ்சம் மேலே போகும். உச்சியில் ஆன்டெனா. அங்கிருந்து விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கேபிள் இறங்கி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து செட்டில் சேரும். கேபிளின் இரண்டு நுனியிலும் உலோகத்தில் செய்த ஒரு கனெக்டர். திருகி மாட்டுகிற மாதிரி, கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

கோபுரம் எழும்பியபோது மேலத் தெருவிலிருந்து மனுப் போட்டார்கள். அது எங்கள் ஆபீசுக்கே வந்தது. தபாலைப் பிரித்தவளே நான்தான். கோபுரம் இடியை இழுக்கிறதாம், டி.வி. தெரியவில்லையாம். எங்கள் தெருவில் ஒன்று அவர்கள் கோயிலைவிட உயரமாக நிற்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. விசாரணைக்கு வந்தவர் உரிமத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு கார்த்திகையில் பெரும்புயல் அடித்து, செல்போன் கோபுரம் எல்லாம் சாய்ந்து கிடந்தபோது, அதே மேலத் தெருக்காரர்கள் எங்கள் படலுக்கு வெளியே மழையில் நின்றார்கள். வேதாரண்யத்தில் கட்டிக்கொடுத்த பெண் என்ன ஆனாள், வேளாங்கண்ணிக்குப் போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார்கள். "உள்ள வாங்க, நனையாதீங்க" என்று நான் கூப்பிட்டேன். ஒருவரும் கூரைக்குக் கீழே வரவில்லை. சேதி தெரிந்ததும் போய்விட்டார்கள்.

அந்தப் புயலில்தான் கடற்கரைத் தம்பி எங்களுக்குக் கிடைத்தார். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். அவரும் உரிமக்காரர். லாரி பேட்டரியில் செட்டை ஓட்டி, எந்தத் தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை, எங்கே கூரை விழுந்து ஆள் கிடக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் வாங்கிச் சொல்ல, நான் ஸ்கூட்டியில் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோவேன். வெள்ளம் வடிந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. தினமும் விடியற்காலையில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். அங்கே கடல் எப்படி, இங்கே ஆற்றில் தண்ணீர் வந்ததா, என்ன குழம்பு. நேரில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்கள்.

புயலில் கோபுரம் தப்பித்தது. ஆனால் உச்சியில் கனெக்டர் பிய்ந்து, அதை அவசரத்தில் இவரே ஏறி மாட்டி, கையில் இருந்த சாதா டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கினார். "வெயில் வந்ததும் சரியா செஞ்சுக்கலாம்" என்றார். வெயில் வந்தது, வேறு வேலைகளும் வந்தன. பிறகு அவருக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போயிற்று.

திருவாரூரில் டயாலிசிஸ். வாரத்தில் பாதி அதற்கே போகும். இடது முன்கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயை இழுத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீரை நான் டம்ளரில் அளந்து வைப்பேன். சுற்றிலும் வயல் நிறைய, வாய்க்கால் நிறையத் தண்ணீர் கிடக்க, அவர் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டாயிற்று. பார்க்க வந்தவர்களோடு பேசப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவர்களும் வரவில்லை. விடியற்காலை ரேடியோ ஒன்றுதான் பாக்கி.

அதில் எனக்குத் தாங்க முடியாத ஒரு விஷயம் இருந்தது. கடற்கரைத் தம்பியிடம் தன் உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டயாலிசிஸ் நாளில், "நாளைக்கு வர மாட்டேன் தம்பி, டியூஷன் இருக்கு" என்பார்.

"ஏன் பொய் சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காத்துல நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். "அதையும் கெடுத்துக்கணுமா?"

ஐப்பசி நெருங்க நெருங்க மழை கூடியது. ரேடியோ பாதி நாள் ஊமை. தம்பியின் குரல் இரைச்சலுக்குள் முங்கி முங்கி வந்தது. "அண்ணே, நீங்க சொல்றது பிசுறு பிசுறா கேக்குது. மேல ஏதோ போயிருக்கு. நான் வந்து ஏறுறேன்" என்று அவர் சொன்னது எனக்கு அடுக்களை வரை கேட்டது. இவர் பதறிப்போய், "வேணாம், வேணாம், இங்க ஆளு இருக்கு" என்றார். அவர் வந்தால் இவரைப் பார்த்துவிடுவார். வீங்கிய காலையும் கறுத்துப்போன முகத்தையும் பார்த்துவிடுவார்.

ஆள் இல்லை. செல்போன் கோபுரத்தில் ஏறுகிற ஒருவரைக் கேட்டோம். நடவு முடியட்டும் என்றவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. என் கணவரே ஏறப்போவதாக ஒருநாள் காலையில் கொல்லைக்குப் போய்க் கோபுரத்தின் முதல் படியில் கால் வைத்து நின்றார். வைத்த காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றார். நான் போய்ப் பிடித்து இறக்கினேன்.

"நான் ஏறுறேன்" என்றேன்.

"பைத்தியமா ஒனக்கு? விழுந்தா ஒன்னத் தூக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல."

"விழுந்தா நீங்க தூக்க வேணாம். அதுக்குத் தெருவுல ஆளு இருக்கு."

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் பரணிலிருந்து கோபுரம் ஏறும்போது இடுப்பில் மாட்டுகிற பெல்ட்டை எடுக்கச் சொல்லி, அதன் கொக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை ஏறியது பழைய கனெக்டரைக் கழற்ற. மகள் கல்லூரியில் போட்ட பேன்ட் ஒன்றை மாட்டிக்கொண்டேன். செட்டுக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைக் கோபுரத்தின் அடியில் இழுத்துப்போட்டு அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு படியிலும் கொக்கியை மாற்றி மாட்டச் சொன்னார். பாதிக்கு மேல் போயிருப்பேன். கீழே பார்க்காதே என்று சொல்வார்கள். நான் கீழே பார்த்தேன். அவருடைய தலை உச்சியில் முடி கொட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அது எனக்குத் தெரியாது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ.

உச்சியில் காற்று வேறு. கோபுரம் லேசாக ஆடுகிறது. சுற்றிலும் நட்டு முடித்த சம்பா, நடுநடுவே வெறும் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வயலுக்கு அப்பால் எங்கள் தெருவுக்கான சுடுகாட்டின் தகரக் கொட்டகை தெரிந்தது. அதற்குப் போகிற வரப்பு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டேப்பைக் கத்தியால் கிழித்தேன். உள்ளேயிருந்து கலங்கல் தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்தது. கனெக்டர் துரு ஏறித் திருக மறுத்தது. குறடு போட்டுத் திருப்பிக் கழற்றி, கேபிளைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.

கீழே அவர் கேபிளின் நுனியை நறுக்கினார். உள்ளே சுற்றியிருந்த பின்னல் கம்பி செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தது, விரலில் கரி மாதிரி ஒட்டியது. ஒரு முழம் தள்ளி நறுக்கச் சொன்னார். கறுப்பு. இன்னொரு முழம். கறுப்பு, நடுவில் பச்சை. நான் நறுக்கிக்கொண்டே போனேன். கொல்லை முழுக்கத் துண்டுகள் கிடந்தன. மேலே ஒரு கனெக்டரில் இறங்கிய ஈரம், தோலுக்கு அடியிலேயே கேபிள் நெடுக இறங்கிப் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தது.

"போதும், விடு" என்றார். "வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள பூரா போயிருக்கு."

அப்போது அவர் கேபிளைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் துண்டுகளைப் பொறுக்கினோம்.

புதுக் கேபிளுக்குச் சென்னைக்குச் சொல்லிவிட்டு, கனெக்டர் மட்டும் கும்பகோணத்தில் கிடைக்குமா என்று பஸ் ஏறிப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று எங்களிடம் இருந்த மாதிரியே, பி.எல். என்பார்கள். பளபளவென்று வெள்ளிபோல இருந்தது. இன்னொன்றுக்கு 'N' என்ற ஆங்கில எழுத்துதான் பேர். அதன் உள்ளே ஒரு ரப்பர் வளையம். "மேடம், வெளிய மாட்டுறதுன்னா இத எடுத்துக்குங்க. இதுல தண்ணி எறங்காது" என்றார் கடைக்காரர். இரண்டிலும் வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் இறங்காது என்ற வார்த்தை எனக்கு வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

அவர் முதலில் பளபளப்பானதை எடுத்து அதன் நடு ஊசியில் சால்டரிங் அயர்னை வைத்தார். ஈயம் பிடிக்கவில்லை, உருண்டு விழுந்தது. சூட்டில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் மெழுகாகி, ஊசி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "மேல்பூச்சு மட்டுந்தான்" என்று ஒதுக்கினார். ரப்பர் வளையம் போட்டதைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது நல்ல சரக்கு. ஆனா நமக்கு ஆகாது."

"ஏன்? தண்ணி எறங்காதுன்னு சொன்னாரே."

"இதுல எறங்காது. ஆன்டெனாவுல இருக்கற வாய் பி.எல். வாய். இத அதுல மாட்டணும்னா நடுவுல இன்னொரு துண்டு வேணும். ஒரு மூட்டுக்குப் பதிலா ரெண்டு மூட்டு ஆயிடும். மூட்டு எத்தனையோ, தண்ணிக்கு வழி அத்தன."

"அப்ப ஆன்டெனா வாயையே மாத்திடுவோம்."

"அதுக்கு ஆன்டெனாவ எறக்கணும். நாலு ஆளு வேணும். யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்பதை அவர் வாயால் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது. கடைசியில் சென்னையிலிருந்து கேபிளோடு நல்ல பி.எல். கனெக்டராகவே வரவழைத்தோம். ஊசிக்கு வெள்ளிப் பூச்சு, நடுவில் வெள்ளை நிறத்தில் உருகாத பொருள். நசுக்கி மாட்டுகிற வகையும் இருக்கிறதே, அது சுலபமாமே என்று கேட்டேன். வீட்டுக்குள் என்றால் சரி, மழையிலும் காற்றிலும் ஆடுகிற இடத்தில் ஈயம்தான் நிற்கும் என்றார்.

அவருக்குக் கை நடுக்கம். அயர்னைப் பிடித்தால் நுனி தாளம் போட்டது. அதனால் நான்தான் செய்ய வேண்டியிருந்தது. கேபிளின் தோலைச் சீவ வேண்டும், பின்னலை வெட்டுப்படாமல் விட வேண்டும், அதன் மேல் ஈயம் பூச வேண்டும், கனெக்டரை அதன் மேல் திருகி, பக்கத்தில் இருக்கிற ஓட்டைகள் வழியாக ஈயத்தை உருக்கி ஊற்ற வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. சூடு கூடினால் கேபிளின் உள்காப்பு இளகி நடுக் கம்பி பின்னலைத் தொட்டுவிடும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அரை நாள் போராடினேன். புகை கண்ணில் ஏறியது. கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நானே எனக்குள் மெச்சிக்கொண்டு நிமிர்ந்தால், மேஜையின் ஓரத்தில் கனெக்டரின் வெளி வளையம் தனியாக உட்கார்ந்திருந்தது. அதை முதலிலேயே கேபிளில் கோத்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். செட்டில் மாட்டுகிற நுனிக்குக் கடையிலேயே கனெக்டர் வைத்து அனுப்பியிருந்தார்கள், அதனால் இனி கோக்க வழியில்லை. அது இல்லாமல் கனெக்டரை ஆன்டெனாவில் திருகவும் முடியாது.

அவர் வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. இருமல் வந்து, மூச்சு வாங்கி, அதற்கப்புறமும் சிரித்தார். "ஒலகத்துல எல்லாரும் மொத தடவ இதத்தான் மறப்பாங்க" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நுனியை நறுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

இரண்டாவது தடவை ஏறிய அன்று காலையில் வானம் தெளிந்திருந்தது. கேபிளைக் கயிற்றில் மேலே இழுத்துக்கொண்டேன். ஆன்டெனா வாயைத் துணியால் துடைத்துக் கனெக்டரை வைத்துத் திருகினேன், முழுதாக உட்கார்ந்தது. இனி டேப் சுற்ற வேண்டும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப். இழுத்துப் பிடித்துச் சுற்றினால் ஒரே தோலாகிவிடும். ஆனால் ஈரம் பட்டால் ஒட்டாது.

"கீழேந்து மேல சுத்து" என்று கத்தினார். "ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். மேலேந்து எறக்குனா மடிப்புல தண்ணி நிக்கும்."

பாதி சுற்றியிருப்பேன், கிழக்கே வயல்மேல் வெள்ளையாக ஒரு திரை நகர்ந்து வருவது தெரிந்தது. மழை. அது வாய்க்காலைத் தாண்டுவதை மேலேயிருந்து பார்க்கிறேன்.

"எறங்கு! எறங்கிடு! அப்பறம் பாத்துக்கலாம்!"

இறங்கினால் அவ்வளவுதான். பாதி மூடிய கனெக்டர் முழுக்க நனையும், மறுபடி கழற்ற வேண்டும், மறுபடி ஏற வேண்டும். இன்னொரு தடவை ஏறுவேனா என்று எனக்கே தெரியவில்லை. கனெக்டரை மாரோடு அணைத்த மாதிரி கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டு, முதுகை மழைக்குக் கொடுத்தேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மேலே போர்த்திக்கொண்டேன். அந்தக் கூடாரத்துக்குள் விரலைச் சட்டைக்குள் துடைத்துத் துடைத்துச் சுற்றினேன். மழை அறைந்தது. கோபுரம் ஆடியது. காது முழுக்க இரைச்சல். அவர் கத்துவது நின்றுவிட்டது. ரப்பர் முடிந்ததும் மேலே சாதா டேப்பைச் சுற்றி, கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினேன். வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

கீழே பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவர் எழுந்து வந்து, கூடாது என்று சொல்லியிருந்த அந்த இடது கையையும் சேர்த்து, இரண்டு கைகளாலும் கோபுரத்தின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். அவர் பிடித்தா அது நிற்கப்போகிறது? நான் இறங்கி வரும்வரை விடவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கொட்டுகிற மழையில் தம்பியின் குரல் கூடத்தை நிறைத்தது.

"அண்ணே, என்னண்ணே பண்ணுனீங்க? பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி இருக்கு!"

"கனெக்டர மாத்துனேன் தம்பி" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் மாத்தல. வீட்ல ஏறுனாங்க" என்றார்.

"அக்காவா? நீங்க எங்க போனீங்க?"

"எனக்கு முட்டி வலி."

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் ஒருநாள்கூட ரேடியோ போகவில்லை. ஆனால் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே தூங்குவார். உடம்பில் தங்கிய நீர் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். மார்கழிப் பிறப்பில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். கடைசியாக அவர் என்னிடம் கேட்டது ஒரு வாய் தண்ணீர். நர்ஸைப் பார்த்தேன், தலையாட்டினார். அளக்காமல் கொடுத்தேன். பாதிதான் இறங்கியது.

வரப்பு தண்ணீருக்குள்தான் இருந்தது. மேலத் தெரு வழியாகப் போனால் தார் ரோடு. பிணத்தோடு அந்த வழி எங்களுக்கு இல்லை. முழங்கால் தண்ணீரில், பால் பிடிக்கிற சம்பாவை மிதித்துக்கொண்டு எங்கள் தெரு ஆண்கள் அவரைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் போகும் வழக்கம் இல்லை. பாடை ஒரு இடத்தில் சாய்ந்து நிமிர்வதைக் கொல்லையிலிருந்து பார்த்தேன்.

காரியத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில், ஏன் என்று தெரியாமல், செட்டைப் போட்டேன். போட்ட உடனே குரல். தம்பி என் கணவருடைய உரிமத்தில் இருக்கிற அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தி, காத்திருந்து, மறுபடி கூப்பிட்டார். எத்தனை நாளாக இப்படிக் கூப்பிடுகிறாரோ. தம்பியின் செல்போன் எண் இவர் போனில் இருந்தது. அந்தப் போன் ஆஸ்பத்திரிப் பையில் செத்துக் கிடந்தது. மைக்கை எடுத்து அழுத்தினேன்.

"தம்பி, நான் அக்கா பேசறேன்."

"அக்கா! அண்ணே எங்கக்கா? அக்கா, நீங்க பேசக் கூடாதுக்கா, ஒங்களுக்கு லைசென்ஸ் இல்ல. அண்ணனக் குடுங்க."

"அண்ணே இல்ல தம்பி. போயிட்டாங்க."

வெறும் இரைச்சல் ஓடியது. பிறகு, "பேசுங்கக்கா" என்றார். "யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன். நீங்க பேசுங்க."

மைக்கை மறுபடி அழுத்தினேன். அழுத்திய விரலை எடுக்கத் தெரியவில்லை.

உரிமம் இல்லாதவர் வீட்டில் செட் இருக்கக் கூடாது. அதற்கான காகிதமெல்லாம் முடித்து, தையில் ஒருநாள் தம்பி வந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். வந்தவுடன் சுவரில் மாலை போட்டிருந்த படத்தையும், பக்கத்தில் அலமாரியில் இன்னும் எடுத்து வைக்காத மருந்துகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"இத்தன வருசம் தெனமும் பேசுனோமேக்கா" என்றார். "எங்க வீட்டுச் சண்ட வரைக்கும் அவருகிட்ட சொல்லியிருக்கேன். எங்கிட்ட ஏன் சொல்லல?" அவர் குரலில் துக்கத்தைவிடக் கோபம்தான் இருந்தது. அது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

"ஒங்ககிட்டயாவது நல்லா இருக்கணும்னு நெனச்சாரு" என்றேன்.

தம்பி கொல்லைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோபுரத்தில் ஏறினார். தெரு ஆட்களை வைத்து ஆன்டெனாவை இறக்கினார். கேபிளை இறக்கி, நான் சுற்றிய டேப்பைக் கத்தியால் நீளமாகக் கீறிப் பிரித்தார். ஒரே தோலாக உரிந்து வந்தது. கனெக்டரைத் திருகிக் கழற்றி வெயிலில் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெள்ளிப் பூச்சு மாட்டிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.

"நல்லா செஞ்சிருக்கீங்கக்கா. நான் செஞ்சாலும் இப்டி வராது."

அவர் செத்த அன்றுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை. கொல்லையில், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். தம்பி கேபிளைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார்.

சாப்பிட வைத்து, செட்டைச் சாக்கில் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். நாகப்பட்டினம் பஸ் கிளம்ப நேரம் இருந்தது.

"பரீட்ச ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்லக்கா" என்றார். "நீங்க எழுதுனா பாஸ் பண்ணிடுவீங்க. ரெண்டு பேரும் காலைல பேசலாம். செட்ட நான் திருப்பிக் கொண்டாந்து மாட்டித் தரேன்."

"வேணாம் தம்பி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. எனக்கு ரேடியோ புடிக்கும்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. அந்த இரைச்சலக் கேட்டாலே எனக்குத் தலவலி வரும். அவருக்காகத்தான் ஏறுனேன்."

தம்பிக்கு வருத்தமாக இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்ததும் கையைத் தூக்கினார்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். ரோட்டோரம் அறுவடை மிஷின் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது, அதைச் சுற்றி நாரைகள். மகள் போன் செய்து, கிளம்பி வா, இங்கே தனியாக என்ன செய்யப்போகிறாய் என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். கதவைத் திறந்தபோது மேஜையில் செட் இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாக இருந்தது. துடைப்பதா வேண்டாமா என்று நின்றேன். பிறகு ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல், வழக்கம்போலப் போட்டுவிட்டு, உலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.